யாரும் எண்ணாத பந்துகள்

2011 ஏப்ரலில் நியூயார்க்கின் இரண்டு பேஸ்பால் அணிகள் ஒரு தோள்பட்டைக்காக வாய்ச்சண்டை போட்டுக்கொண்டன. தோளுக்குச் சொந்தக்காரர் பெட்ரோ ஃபெலிசியானோ, இடதுகை ரிலீஃப் பிட்ச்சர்; அதாவது முதலில் வீசியவரை மாற்றி ஆட்டத்தின் நடுவில் இறங்கிப் பந்து வீசும் 'ரிலீவர்'. மெட்ஸ் அணியில் பல ஆண்டுகள் வீசிவிட்டு, இரண்டு ஆண்டுக்கு 80 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் யாங்கீஸுக்கு வந்திருந்தார். சீசன் தொடங்கும்போதே தோள் மக்கர் செய்தது. மெட்ஸ் அந்த ஆளைப் பிழிந்தெடுத்துவிட்டது என்று யாங்கீஸின் பொது மேலாளர் பிரையன் கேஷ்மன் வெளிப்படையாகவே சொன்னார். மெட்ஸின் பிட்ச்சிங் பயிற்சியாளர் டான் வார்தன் சும்மா இருக்கவில்லை. எத்தனை ஆட்டம் வீசினார் என்பது ஒப்பந்தம் போடும்போது தெரியாதா, அவரே முன்வந்துதானே வீசினார், அவ்வளவு வீசியதும்தானே நாங்கள் அவரைத் தக்கவைக்காததற்கு ஒரு காரணம் என்கிற ரீதியில் பதில் கொடுத்தார்.

மறுப்பு மாதிரி தெரிந்தாலும் இது ஒப்புதல் வாக்குமூலம்தான். கேஷ்மன் பக்கமும் நியாயம் இல்லை. தேய்ந்த டயர் என்று தெரிந்தே வண்டியை வாங்கியவர் அவர். நடுவில் நின்ற ஃபெலிசியானோ, யாங்கீஸ் சீருடையில் பெரிய லீகில் (மேஜர் லீகில்) ஒரு பந்துகூட வீசவில்லை.

அவருடைய கணக்கைப் பாருங்கள். 2008-ல் 86 ஆட்டங்கள், 2009-ல் 88, 2010-ல் 92. மூன்று ஆண்டும், பெரிய லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அவருக்குத்தான் முதலிடம். ஒரு சீசனுக்கே மொத்தம் 162 ஆட்டங்கள்தான். ஆனால் அந்த 92 ஆட்டங்களிலும் சேர்த்து அவர் வீசியது 62 இன்னிங்ஸும் சொச்சமும். பேஸ்பாலில் மூன்று அவுட் எடுத்தால் ஓர் இன்னிங்ஸ் முடிந்துவிடும் என்பதால், ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு அவுட்தான் வருகிறது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிவது இந்த இடத்தில்தான். '92 ஆட்டமா, ஆளைக் கொன்றுவிட்டார்கள்' என்று ஒரு தரப்பு. '62 இன்னிங்ஸ்தானே, அந்தக் காலத்தில் இது இரண்டு மாத வேலை' என்று இன்னொரு தரப்பு. இருவரும் கையில் வைத்திருக்கும் எண் சரிதான். கையை உடைக்கும் எண் அது இரண்டும் இல்லை.

ரிலீவரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் இது புரியும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை வருவார், 80, 90 பந்து வீசுவார், போய் ஓய்வெடுப்பார். நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளலாம். ரிலீவருக்கு அப்படி ஒரு நாள்காட்டி கிடையாது. மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்ற அடைப்புக்குள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு தொலைபேசி இருக்கும். மேனேஜர் உட்காரும் இடத்திலிருந்து அழைப்பு வரும்: இன்னாரை எழுப்பு. அவர் எழுந்து இருபது, இருபத்தைந்து பந்துகள் வீசிக் கையைச் சூடாக்குவார். அதற்குள் களத்தில் இருப்பவர் எப்படியோ இரண்டு அவுட் எடுத்துத் தப்பித்துவிட்டால், உட்கார் என்பார்கள். அடுத்த இன்னிங்ஸில் மறுபடி எழுப்புவார்கள். இப்படி இரண்டு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டு, களத்துக்கே போகாமல் வீட்டுக்குப் போகும் நாட்கள் உண்டு. மறுநாள் புள்ளிவிவரப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. வீட்டில் டிவி பார்த்த ரசிகர், 'நேற்றுதான் ஓய்வெடுத்தாரே, இன்று இறக்கினால் என்ன' என்று கேட்பார்.

அந்த இருபத்தைந்து பந்துகள் எந்தப் பொதுக் கணக்கிலும் ஏறுவதில்லை. அணிகள் தங்களுக்குள் குறித்துக்கொள்கின்றன, வெளியே தருவதில்லை. பள்ளி அளவில் ஒரு முறை இதை எண்ணிப் பார்த்தார்கள். புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்ட நாட்களில் பள்ளிப் பிட்ச்சர்கள் வீசிய பந்துகளில் 42 சதவீதம் அதிகாரபூர்வக் கணக்கிலேயே வரவில்லை என்று தெரிந்தது. வார்ம்-அப் பந்துகளும் புல்பென் பந்துகளும்தான் அந்த 42 சதவீதம். சம்பளம் வாங்கும் ரிலீவருக்கு விகிதம் இன்னும் மோசமாக இருக்கும் என்பது என் ஊகம். பத்துப் பந்து வீசுவதற்காக முப்பது பந்து வீசும் வேலை அது.

ஃபெலிசியானோவின் 92-ஐ இப்போது மறுபடி பாருங்கள். 92 முறை முழுமையாகச் சூடாகி இறங்கியிருக்கிறார். சூடாகி இறங்காத நாட்கள் அதற்கு மேல். 62 இன்னிங்ஸ் என்ற எண் இதில் ஒரு மூலையைத்தான் காட்டுகிறது.

இதில் மேனேஜர்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு. எட்டுப் பேர் இருந்தாலும் நம்புவது இரண்டு மூன்று பேரைத்தான். 2006-ல் யாங்கீஸ் மேனேஜர் ஜோ டோரி நம்பிய ஆள் ஸ்காட் ப்ராக்டர். அந்த ஆண்டு 83 ஆட்டங்கள், 102 இன்னிங்ஸுக்கு மேல். அடுத்த ஆண்டும் 83 ஆட்டங்கள், அதில் பாதியில் டாட்ஜர்ஸுக்கு மாற்றப்பட்டார். மாறுவதற்கு முன் ஒரு மோசமான ஆட்டம் முடிந்த கையோடு, தன் விளையாட்டுச் சாமான்களை மைதானத்திலேயே போட்டுக் கொளுத்தினார். வேகமாக வீசும் ஆள், தோற்ற கோபம் என்று எழுதினார்கள். எனக்கு அது பரிகாரம் மாதிரிதான் தோன்றியது. டாட்ஜர்ஸுக்குப் போனவரைப் பின்தொடர்ந்து 2008-ல் டோரியும் அதே அணிக்கு மேனேஜராக வந்தார். 2009-ல் ப்ராக்டருக்கு முழங்கை அறுவை சிகிச்சை. யாங்கீஸ் ரசிகர்களிடம் டோரி பேச்சை எடுத்தால் அவர் வென்ற நான்கு உலகத் தொடர் (பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர்) பட்டங்களுக்கு அப்புறம் ஐந்தாவதாக ப்ராக்டர் பெயர் வரும்.

சரி, 'அந்தக் காலத்தில்' என்ற வாதத்துக்கு வருவோம். அந்தத் தரப்பின் துருப்புச் சீட்டு மைக் மார்ஷல். 1974-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக 106 ஆட்டங்களில் இறங்கி, 208 இன்னிங்ஸ் வீசினார். அத்தனையும் ரிலீவராக. தொடர்ந்து 13 ஆட்டங்களில் வீசியதும் அந்த ஆண்டுதான். சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதைப் பெற்ற முதல் ரிலீவர் அவர். உடல் இயக்கவியல் படித்து, பின்னால் டாக்டர் பட்டமே வாங்கியவர். சரியாக வீசினால் கை கெடாது என்பது அவர் கட்சி. ஐந்து ஆண்டு கழித்து மினசோட்டாவுக்காக 90 ஆட்டங்களில் வீசிக் காட்டினார்.

ஆனால் அதே 1974-ல், அதே டாட்ஜர்ஸ் அணியில், டாமி ஜான் என்ற பிட்ச்சரின் முழங்கைத் தசைநார் ஜூலையில் அறுந்தது. செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் வைத்துக் கட்டினார். தேறும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று மருத்துவரே சொல்லியிருந்தார். 1976-ல் திரும்பி வந்த டாமி ஜான் 1989 வரை வீசினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. இன்று பிட்ச்சர்கள் பயப்படும் அறுவை சிகிச்சைக்கு அவர் பெயரேதான். ஒரே உடைமாற்றும் அறையில் அழியாத கையும் அறுந்த கையும் இருந்தன. ரசிகர்கள் மார்ஷலை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் தசைநார் அறுந்தவர்களுக்குப் பெயரும் இல்லை, சிகிச்சையும் இல்லை. கை செத்துவிட்டது என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தப் போரும் பாதுகாப்பானதாகத்தான் தெரியும்.

மார்ஷல் எப்படி வீசினார் என்பதும் முக்கியம். அவருடைய ஆயுதம் ஸ்க்ரூபால் என்ற திருகிவிடும் சுழல் பந்து, வேகம் இல்லை. 200 இன்னிங்ஸ் வீச வேண்டியவர் ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து வீச மாட்டார், வீசவும் முடியாது. இதை மாற்றியது முழுக்க விஞ்ஞானம் என்று சொல்ல முடியாது. ஒரு கணக்குப் புத்தகத்துக்கும் அதில் பங்கு உண்டு. முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடிப்பவருக்கு 'சேவ்' என்ற மதிப்பு 1969-ல் அதிகாரபூர்வமானது. 1988-ல் ஓக்லண்ட் மேனேஜர் டோனி லா ரூசா, டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் என்று வைத்தார். அது பலித்தது. அப்புறம் எல்லா அணியும் அதைப் பிடித்துக்கொண்டது. எட்டாவதுக்கு ஒருவர், ஏழாவதுக்கு ஒருவர் என்று வேலை துண்டு துண்டானது. ஒரே இன்னிங்ஸ்தான் என்று தெரிந்த மனிதன் மிச்சம் வைக்க மாட்டான். பதினைந்து பந்து, பதினைந்தும் முழு வேகம். இப்போது ஒரு ரிலீவர் சீசனில் 80 இன்னிங்ஸ் தாண்டுவதே அரிது. இன்னிங்ஸ் குறையக் குறையக் காயம் கூடுகிறதே என்று திகைப்பவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வேலை குறையவில்லை, அடர்த்தியாகிவிட்டது.

அந்த அடர்த்தி எங்கே போய் இறங்குகிறது? கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறியக் கூடாது என்பதால் வேகப்பந்து வீச்சாளரின் சுமை கீழ் முதுகில் இறங்குகிறது. பும்ரா முதுகு வலியோடு வெளியேறுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். பேஸ்பாலில் அந்தத் தடை இல்லை. கை மடங்கிப் பின்னால் போய், சுண்டிவிட்ட மாதிரி முன்னால் வரும் அந்த நொடியில் முழங்கையின் உட்புறம் பிளக்கப் பார்க்கிறது. அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் இருக்கும் அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தில் கிளென் ஃப்ளைசிக் குழுவினர் 1995-ல் அளந்தபோது அங்கே விழும் முறுக்குவிசை ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர் வந்தது. இறந்தவர்களின் கையில் சோதித்தபோது அந்தத் தசைநார் தனியாகத் தாங்கியது அதில் பாதியளவுதான். அப்படியானால் ஒவ்வொரு பந்திலும் அறுந்திருக்க வேண்டுமே? முன்கைத் தசைகள் சேர்ந்து தாங்குவதால் அறுவதில்லை. அந்தத் தசைகள் களைத்துப்போனால் மிச்சச் சுமை தசைநாரின் தலையில் விழும். நேற்று வீசி, இன்று எழுந்து உட்கார்ந்து, மறுபடி எழுந்து, நாளையும் வீசப்போகிற ரிலீவரின் தசை எந்த நிலையில் இருக்கும் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

2024 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம் பிட்ச்சர் காயங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவர்கள், பயிற்சியாளர்கள், வீரர்கள் என்று 200 பேருக்கு மேல் பேட்டி கண்டு எழுதியது. 2008-ல் வேகப்பந்தின் சராசரி மணிக்கு 147 கிலோமீட்டர். 2024-ல் கிட்டத்தட்ட 152. பெரிய லீகிலும் அதன் கீழ் லீகுகளிலும் சேர்த்து டாமி ஜான் அறுவை சிகிச்சைகள் 2010-ல் 104, 2024-ல் 281. காயப் பட்டியலில் பிட்ச்சர்கள் சேர்க்கப்பட்டது 2005-ல் 212 முறை, 2024-ல் 485 முறை. வேகத்தைத் துரத்துவதும், பந்தின் சுழற்சியையும் வளைவையும் கருவி வைத்துக் கூட்டிக்கொண்டே போவதும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதும்தான் காரணம் என்று அறிக்கை சொன்னது. சீசன் இல்லாத மாதங்களில் ஓய்வெடுக்காமல் பயிற்சிக்கூடங்களில் வீசித் தள்ளுவதால் வசந்தகாலப் பயிற்சியின்போதே காயங்கள் குவிகின்றன என்றும் சொன்னது.

நல்ல அறிக்கைதான். ஆனால் பந்து வீச நேர வரம்பு கொண்டுவந்தது அதே நிர்வாகம். 2023-ல் வந்த அந்த வரம்பு, பேஸில் ஆள் இருக்கும்போது 20 விநாடி. அடுத்த ஆண்டே 18 ஆகக் குறைந்தது. மூச்சு வாங்கக்கூட நேரம் தராமல் கையைப் பற்றி என்ன கவலை என்று 2024 ஏப்ரலில் வீரர்கள் சங்கத் தலைவர் டோனி கிளார்க் சண்டைக்குப் போனார். நேர வரம்புதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நிர்வாகம் பதில் சொன்னது. இதில் எனக்கு எந்தப் பக்கமும் முழு நம்பிக்கை இல்லை. காயங்களின் கோடு 2023-க்கு வெகு முன்பே ஏறத் தொடங்கிவிட்டது.

சீசனின் இறுதிச் சுற்றுகள் நடக்கும் அக்டோபர் வந்தால் எல்லாக் கணக்கும் குப்பைக்குப் போகும். 2016 உலகத் தொடரில் சிகாகோ கப்ஸ் மேனேஜர் ஜோ மேடன், ஆரோல்டிஸ் சாப்மனை ஐந்தாவது ஆட்டத்தில் எட்டு அவுட்டுக்கு, 42 பந்துகளுக்கு விட்டார். அது தேவைப்பட்டது. ஆறாவது ஆட்டத்தில் 7-2 என்று முன்னிலையில் இருக்கும்போதும் ஏன் இறக்கினார் என்பதை இன்றும் கப்ஸ் ரசிகர்கள் கேட்கிறார்கள். அடுத்த நாள் ஏழாவது ஆட்டத்தில் ராஜாய் டேவிஸ் அடித்த ஹோம் ரன், சாப்மனின் களைத்த கையிலிருந்து போனதுதான். கப்ஸ் எப்படியோ வென்று, 108 ஆண்டாகப் பட்டம் வெல்லாத சாபத்தைத் தீர்த்துக்கொண்டது. யாங்கீஸுக்குத் திரும்பிய பிறகுதான் சாப்மன் தன்னைப் பயன்படுத்திய விதம் பிடிக்கவில்லை என்று வாய் திறந்தார். வேடிக்கை என்னவென்றால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை; பத்தாண்டு கழித்தும் மணிக்கு 160 கிலோமீட்டரில் வீசுகிறார்.

அடுத்த ஆண்டு டாட்ஜர்ஸின் பிராண்டன் மாரோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2017 உலகத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் வீசினார். அதற்கு முன் 1973-ல் டாரல்ட் நோல்ஸ் ஒருவர்தான் அதைச் செய்திருந்தார். ஹூஸ்டனில் நடந்த ஐந்தாவது ஆட்டத்தில் மாரோவுக்கு ஓய்வு என்று மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் முடிவு செய்திருந்தார். புல்பென்னிலிருந்து இந்த முறை தொலைபேசி எதிர்த்திசையில் அடித்தது: தெம்பாக இருக்கிறேன், வேண்டுமானால் இறக்குங்கள் என்று மாரோவே சொன்னார். இறங்கினார். ஆறு பந்துகளில் நான்கு ரன். அடுத்த சீசனில் கப்ஸுக்குப் போனவர் 2018 ஜூலைக்குப் பிறகு பெரிய லீகில் வீசவே இல்லை. மேனேஜர்தான் வில்லன் என்று தீர்ப்பு எழுதுவோர் இந்த அழைப்பை எங்கே வைப்பார்கள்? கை வலிக்கிறது என்று சொன்ன ரிலீவருக்கு அடுத்த ஆண்டு வேலை இருக்காது என்பது புல்பென்னில் எல்லோருக்கும் தெரியும். 'அவரே முன்வந்தார்' என்ற வார்தனின் சமாதானம் உண்மையாக இருக்கலாம். சமாதானமாக அது போதாது.

பொத்திப் பொத்தி வளர்த்தாலும் சில கைகள் போகின்றன. 2007-ல் யாங்கீஸ் ஜோபா சேம்பர்லைன் என்ற இளைஞருக்காகத் தனிச் சட்டமே போட்டது: ஓர் இன்னிங்ஸ் வீசினால் ஒரு நாள் ஓய்வு, அடுத்தடுத்த நாள் கூடாது. ப்ராக்டரை எரித்த அதே மேனேஜர், அதே ஆண்டு. 2011-ல் சேம்பர்லைனுக்கும் டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தது.

இந்த விவாதத்தில் எனக்கு மறக்க முடியாதது 2011-ன் அட்லாண்டா பிரேவ்ஸ். மேனேஜர் ஃப்ரெடி கொன்சாலெஸ் கையில் மூன்று ரிலீவர்கள். எரிக் ஓ'ஃப்ளாஹர்ட்டி 78 ஆட்டங்கள், ஜானி வென்டர்ஸ் 85, கிரெய்க் கிம்ப்ரல் 79. மூவர் பெயரையும் சேர்த்து ரசிகர்கள் 'ஓவென்ட்ப்ரல்' என்று செல்லமாக அழைத்தார்கள். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸ் இவர்களுடையது. முன்னிலையில் இருந்தால் ஆட்டம் முடிந்த மாதிரிதான். செப்டம்பர் தொடக்கத்தில், இறுதிச் சுற்றுக்கான கடைசி இடத்துக்கான போட்டியில் எட்டரை ஆட்டம் முன்னால் இருந்த அணி, அந்த ஒரே மாதத்தில் அத்தனையையும் விட்டது. கடைசி நாளில் ஒன்பதாவது இன்னிங்ஸில் கிம்ப்ரல் முன்னிலையைக் கோட்டைவிட, பதின்மூன்றாவதில் தோற்று வெளியேறினார்கள். ஜூலையில் மூன்று ரன் முன்னிலைக்கெல்லாம் இவர்களை ஏன் எழுப்பினாய் என்று கொன்சாலெஸைப் பிடித்துக்கொண்டார்கள்.

2013 மே மாதத்தில் ஓ'ஃப்ளாஹர்ட்டிக்கும் வென்டர்ஸுக்கும் முழங்கை போய்விட்டது. கிம்ப்ரலுக்கு முழங்கையில் கத்தி படவே இல்லை. அப்புறமும் பத்தாண்டுக்கு மேல் வீசி 400 சேவ்களைத் தாண்டினார். ஒரே மேனேஜர், ஒரே புல்பென், ஏறத்தாழ ஒரே சுமை. மூன்றில் இரண்டு உடைந்தது. அதிகச் சுமைதான் காரணம் என்பவர் இரண்டு பேரைக் காட்டுவார், இல்லை என்பவர் ஒருவரைக் காட்டுவார். சுமை ஆபத்தைக் கூட்டுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் கையா அந்தக் கையா என்று முன்கூட்டிச் சொல்ல எந்த மேனேஜரிடமும் கருவி இல்லை. ஒரு மனிதனுக்குப் பந்து வீச இருப்பது ஒரே கை என்பதால், குறைவாக வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சோதித்துப் பார்க்கவும் வழி இல்லை.

அணிகள் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு கைகளைக் காப்பது அல்ல, கைகளைப் பெருக்குவது. நேற்று இரண்டு இன்னிங்ஸ் வீசிய இளம் ரிலீவரைக் கீழ் லீகுக்கு அனுப்பிவிட்டு, களைக்காத இன்னொருவரை விமானத்தில் வரவழைப்பார்கள். இந்த ஏற்றுமதி இறக்குமதி அளவுக்கு மீறிப் போனதால்தான் 2022-ல் ஒரு வீரரை ஒரு சீசனில் ஐந்து முறைக்கு மேல் கீழே அனுப்பக் கூடாது என்றும், ஓர் அணியில் 13 பிட்ச்சர்களுக்கு மேல் கூடாது என்றும் விதி வந்தது. பெரிய சம்பளம் வாங்கும் வயது வருமுன் அணிக்குக் கிடைக்கும் ஆறு ஆண்டுகளில் அந்தக் கையின் நல்ல பகுதி தீர்ந்துவிடும். ஃபெலிசியானோ மாதிரி ஒப்பந்தம் முடியப்போகிறவர் என்றால் அடுத்த ஆண்டைப் பற்றிய கவலை இன்னும் குறைவு.

வென்டர்ஸ் 2012-க்குப் பிறகு காணாமல் போனார். 2005-ல், கீழ் லீகில் இருக்கும்போதே, ஒருமுறை டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். 2013-ல் இரண்டாவது, 2014-ல் மூன்றாவது. 2016-ல் மறுபடி கிழிந்தபோது இன்னொரு சிறிய அறுவை சிகிச்சை. எல்லாம் சேர்த்து மூன்றரை என்று பத்திரிகைகள் எழுதின. 2018 ஏப்ரலில் டாம்பா பே அணிக்காக மறுபடி பெரிய லீகில் ஏறினார். ஜூலையில் அவரைக் கேட்டு வாங்கிய அணி, அதே அட்லாண்டா பிரேவ்ஸ். அந்த சீசனில் இரண்டு அணிகளுக்குமாக 50 ஆட்டங்களில் இறங்கினார். புல்பென்னில் எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தார் என்பதற்குக் கணக்கு இல்லை.